கட்டணம் குறைவு, நேரத்துக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். அறுவை செய்த மருத்துவரை அவர் மொத்தமே நாலைந்து முறை பார்த்திருப்பார். பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் வந்து காலை மடக்கி நீட்டி அளந்து, எத்தனை வாரத்தில் எந்த நிலைக்கு வர வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்; இடையிடையே வந்து பார்ப்பார். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூடவே நின்று, வலிக்கிறது என்றவரை இன்னும் கொஞ்சம் என்று தட்டிக்கொடுத்து, வாக்கரிலிருந்து கைத்தடிக்கும் கைத்தடியிலிருந்து வெறுங்கைக்கும் கொண்டுவந்தவர் பல வேளைகளில் மூன்றாவது ஓர் ஆளாக இருப்பார். பிசியோதெரபி உதவியாளர் என்பது அவருடைய பதவி. படித்தது இரண்டாண்டுப் படிப்பு. படித்த இடம் பெரும்பாலும் அவருடைய மாவட்டத்திலேயே இருக்கும் ஒரு சமுதாயக் கல்லூரி.

அமெரிக்கக் கல்வி என்றதும் நாம் ஹார்வர்டையும் ஸ்டான்ஃபோர்டையும்தான் நினைக்கிறோம். ஆனால் அந்த நாட்டின் இளநிலை மாணவர்களில் மூன்றில் ஒருவராவது படிப்பது சமுதாயக் கல்லூரிகளில்தான். அவற்றில் மிகப் பழைய அரசுக் கல்லூரி 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியெட் நகரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம், ஊர்தோறும் இத்தகைய கல்லூரி வேண்டும் என்று 1947-இல் பரிந்துரைத்தது. இன்று ஆயிரத்துக்கும் அதிகமானவை இருக்கின்றன. சேருவதற்கு வயது வரம்பு இல்லை. உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவில்தான். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் பெல் உதவித்தொகை 7,395 டாலர் வரை கிடைக்கும். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 1990-களின் நடுவில் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டபோது, இந்த அமெரிக்க ஏற்பாடுதான் கண்முன் இருந்தது.

ஒரு நாடு தன் மக்களுக்குச் செய்து கொடுத்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்றாகவே நான் இதைக் கருதுகிறேன். அதனால்தான் அதன் குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டணம் என்ற தடையை நீக்கியவர்கள், நேரம் என்ற தடையை மாணவர் தலையிலேயே விட்டுவிட்டார்கள். யாருக்கு இந்தப் படிப்பு மிகமிகத் தேவையோ, அவரிடம்தான் நேரம் மிகமிகக் குறைவு. பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் இது பளிச்சென்று தெரிகிறது.

இந்த வேலை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களை மீண்டும் நடமாட வைக்க அமெரிக்க ராணுவம் பெண்களைப் பயிற்றுவித்தது. அவர்களில் முன்னணியில் நின்ற மேரி மெக்மில்லன் தலைமையில் 1921-இல் தொழில்முறைச் சங்கம் உருவானது. அடுத்து போலியோ வந்தது. 1952 என்ற ஒரே ஆண்டில் ஏறத்தாழ 58,000 பேரை அது தாக்கியது. 1955-இல் தடுப்பூசி வந்த பிறகு போலியோ ஓய்ந்தது, சிகிச்சைக்கான தேவை ஓயவில்லை. 1965-இல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் சட்டமானது. அதுவரை செலவுக்குப் பயந்து வீட்டிலேயே முடங்கிக் கிடந்த முதியவர்கள் சிகிச்சைக்கு வரத் தொடங்கினார்கள். இருந்த பிசியோதெரபிஸ்டுகளை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. 1967-இல் சங்கம் உதவியாளர் என்ற பதவியை முறையாக ஏற்றுக்கொண்டது. 1969-இல் முதல் அணி படித்து வெளியே வந்தது. ஃபுளோரிடாவின் மயாமி-டேட் கல்லூரி, மினியாபொலிஸ் நகரின் செயின்ட் மேரீஸ் இளநிலைக் கல்லூரி ஆகிய இரண்டிலும் சேர்த்து 15 பேர். இன்று நாடு முழுவதும் இந்த வேலையில் இருப்பவர்கள் ஒரு லட்சம் அளவில் இருப்பார்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கு அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்துக்கு மேல் மூன்றாண்டு முனைவர் நிலைப் படிப்பு வேண்டும். ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய கல்விக் கடனோடு வேலைக்கு வருவது அங்கே சாதாரணம். நோயாளியை மதிப்பிடுவது, சிகிச்சைத் திட்டம் வகுப்பது, திட்டத்தை மாற்றுவது, சிகிச்சையை முடித்துவைப்பது எல்லாம் அவருடைய பொறுப்பு. திட்டத்தை நோயாளியின் உடம்பில் நடத்திக்காட்டுவது உதவியாளர். பிசியோதெரபிஸ்டின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலர் அளவில், உதவியாளருடையது 65,000 டாலர் அளவில் இருக்கிறது. இந்தப் படிப்புக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் நோயாளிகளைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைக்கும் வேலையில் இருப்பவர்கள். வீட்டுப் பராமரிப்பு வேலைக்குச் சம்பளம் 35,000 டாலர் அளவில்தான். இரண்டாண்டு படித்தால் வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஒரு குடும்பம் வாடகைக்குத் தவிக்காமல் இருப்பதற்கும் தவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இரண்டாண்டு என்பது பெயருக்குத்தான். உள்ளே நுழையும் முன்பே உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவம், ஆங்கிலம், உளவியல், கணிதம் எனப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். உடற்கூறியல் படித்து ஐந்தாண்டு தாண்டியிருந்தால் பல கல்லூரிகள் திரும்பப் படித்துவிட்டு வரச் சொல்கின்றன. ஒரு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ சில பத்து மணி நேரம் நின்று வேலையைக் கவனித்ததற்குச் சான்று கேட்பவையும் உண்டு. கல்லூரிக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். இந்தப் படிப்புக்குள் அப்படி நுழைய முடியாது. ஓர் அணிக்கு இருபது, முப்பது பேர்தான். மதிப்பெண் வரிசையில் எடுப்பார்கள். சேர்ந்த பிறகு ஐந்து பருவம், பெரும்பாலும் பகல்நேர வகுப்பு, தொடர் ஓட்டம்.

செய்முறைத் தேர்வு நடக்கும் அறைக்குள் போய்ப் பார்த்தால்தான் இந்தப் படிப்பு எதைக் கேட்கிறது என்பது விளங்கும். வகுப்புத் தோழி ஒருத்தி பக்கவாதம் வந்தவளைப்போல் கட்டிலில் படுத்திருப்பாள். வலது கையும் காலும் செயலற்றவை என்பது கணக்கு. அவளைச் சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். தேர்வு எழுதும் மாணவி முதலில் கை கழுவ வேண்டும். தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். நாற்காலியை நல்ல பக்கத்தில் சாய்வாகக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டு, கால் வைக்கும் தகடுகளை அகற்ற வேண்டும். நோயாளியை எழுப்பிக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். படுத்திருந்தவர் எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். இடுப்பில் கான்வாஸ் பட்டையைக் கட்டி, விரல் நுழையும் அளவு இடம் விட்டு இறுக்க வேண்டும். செயலற்ற காலின் முட்டி மடங்கிவிடாமல் தன் முட்டியால் முட்டுக்கொடுக்க வேண்டும். மூக்கு கால் விரலுக்கு மேல் வரும்வரை முன்னால் சாயச் சொல்லி, மூன்று எண்ணி, எழுப்பித் திருப்பி மெதுவாக உட்காரவைக்க வேண்டும். இத்தனையிலும் அந்த வலது கையைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது; தசை வலுவிழந்த தோள் நழுவிவிடும்.

எல்லாவற்றையும் அழகாகச் செய்துவிட்டு ஒரு பிரேக்கை மறந்திருந்தால் தேர்வு அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் மதிப்பெண் குறையும். பாதுகாப்பு தொடர்பான காரியத்தில் தவறினால் நேரடியாகத் தோல்வி. கொடுமையாகத் தெரியலாம். ஆனால் நாளைக்கு அந்தக் கட்டிலில் இருக்கப்போவது நம் அம்மா. பூட்டாத சக்கரம் பின்னால் உருண்டால் உடைவது அவருடைய இடுப்பெலும்பு. இந்தக் கண்டிப்பில் ஓர் இம்மிகூடக் குறையக் கூடாது என்பது என் கருத்து.

கையோடு சேர்த்து அறிவையும் இந்தப் படிப்பு பழக்குகிறது. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டரை முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முனையில் வைத்து, ஒரு கையை இடுப்பெலும்பு நோக்கியும் மறுகையைக் கணுக்கால் நோக்கியும் நிறுத்தக் கற்றுத்தருகிறார்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டுமானால் முழங்கால் 90 பாகைக்கு மேல் மடங்கியாக வேண்டும். 80-இல் நின்றுவிட்டவர் வீட்டுக்குப் போனாலும் கையை ஊன்றித்தான் எழ வேண்டியிருக்கும். ஊன்றுகோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு நசுங்கும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த காலின் கெண்டைச் சதை வீங்கி, சூடாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. ரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே பிசியோதெரபிஸ்டுக்கும் மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். உதவியாளர் நோயைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

இத்தனையும் முடித்த பிறகு தேசிய அளவில் உரிமத் தேர்வு. கணினியில் நான்கு மணி நேரம். ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது. 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. அமெரிக்காவில் படித்தவர்களில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர்களே எழுத முடியும். அங்கீகாரம் கொடுக்கும் ஆணையம் ஒவ்வொரு கல்லூரியிடமும் தேர்ச்சி விழுக்காட்டையும் வேலைவாய்ப்பு விழுக்காட்டையும் கேட்டு வாங்குகிறது. அவற்றைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதும் விதி. உரிமத் தேர்வில் கடைசிக் கணக்கில் 85 விழுக்காட்டினர் வெற்றி பெற வேண்டும், வேலை தேடியவர்களில் 90 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். நல்ல விதிகள். கல்லூரி விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டி ஏமாறுவோருக்கு இப்படி ஓர் எண் கையில் கிடைப்பதே பெரிய காவல்.

ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது. படிப்பில் சேர்ந்தவர்களில் 60 விழுக்காட்டினர் முடித்துவிட்டால் போதும். அதாவது பத்துப் பேரில் நான்கு பேர் நடுவழியில் நின்றுவிட்டாலும் கல்லூரி தன் கடமையைச் செய்துவிட்டதாகத்தான் பொருள். உரிமத் தேர்வில் 85, படிப்பை முடிப்பதில் 60. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடுமாறும் மாணவரைத் தூக்கிவிடுவதைவிட வெளியே விடுவதுதான் கல்லூரிக்குப் பாதுகாப்பு. எந்த ஆசிரியரும் இந்த எண்ணத்தோடு வகுப்புக்குள் நுழைவதில்லை. ஆனால் கணக்கு அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

யார் நின்றுபோகிறார்கள்? மூளை போதாதவர்கள்தான் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. உண்மை அப்படி இல்லை. இது தொடர் ஓட்டம் என்றேன். ஒரு பருவத்துப் பாடத்தை அடுத்த பருவத்தில் திரும்ப நடத்த மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரே அணி. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு வாரம் போய், ஒரு பாடத்தில் குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்குக் கீழே போனவர் அடுத்த ஆண்டு அதே பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் அந்த அணியில் இடம் காலியாக இருந்தால். அந்த ஓராண்டில் வேலைக்குப் போவார், வாடகை கட்டுவார், கற்ற கைப்பழக்கம் விட்டுப்போகும். திரும்பி வருபவர்கள் குறைவு.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம் மருத்துவமனைப் பயிற்சி. படிப்பின் நடுவிலும் கடைசியிலுமாகச் சுமார் 16 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம், மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ கிளினிக்கிலோ உண்மையான நோயாளிகளோடு வேலை. பயிற்சி இடத்தைக் கல்லூரி ஒதுக்கும். ஒரு மணி நேரத் தொலைவில் கிடைத்தாலும் போக வேண்டும். சம்பளம் கிடையாது. மாறாக அந்த நேரத்துக்கும் கல்லூரிக் கட்டணம் உண்டு.

மணிக்கு 17 டாலர் வாங்கும் ஒரு பராமரிப்புப் பணியாளர் இந்த 16 வாரமும் வேலையை விட்டால், 640 மணி நேரத்துக்கு அவர் இழப்பது ஏறத்தாழ 11,000 டாலர். சமுதாயக் கல்லூரியின் இரண்டாண்டுச் சராசரிக் கட்டணமே 8,000 டாலர்தான். கல்லூரிக்குக் கட்டியதைவிடப் பயிற்சிக்காக இழந்தது அதிகம். இந்தச் செலவு கல்லூரியின் கட்டணப் பட்டியலில் இல்லை, உதவித்தொகைக் கணக்கில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. இழக்க முடியாதவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள்: பகலில் எட்டு மணி நேரம் பயிற்சி, இரவில் முதியோர் இல்லத்தில் வேலை, வாரக் கடைசியில் இரட்டை ஷிஃப்ட். தூங்காதவரின் கையில் இன்னொருவருடைய அம்மாவைப் பிடித்துக் கொடுக்கிறோம். பிரேக் மறந்தால் தோல்வி என்று சொல்லும் அதே ஏற்பாடு, பிரேக்கை மறக்கும் அளவுக்கு ஒருவரைக் களைக்கவும் விடுகிறது.

இதற்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. பயிற்சி மாணவரைக் கூட வைத்துக்கொள்ளும் மூத்த பணியாளருக்கு அதற்காகத் தனிச் சம்பளம் ஏதும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. முதல் சில வாரம் மாணவரால் அவருடைய வேலை மெதுவாகும். மாணவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்றால் பயிற்சி இடம் கொடுக்கவே யாரும் முன்வர மாட்டார்கள் என்கிறார்கள் கல்லூரிக்காரர்கள். நியாயமான அச்சம். அதனால்தான் அந்தச் சுமையை மருத்துவமனை மேல் போடக் கூடாது, பொதுப் பணத்திலிருந்து எடுக்க வேண்டும் என்கிறேன். மருத்துவப் பட்டம் பெற்று மருத்துவமனையில் உறைவிடப் பயிற்சி எடுக்கும் இளம் மருத்துவர்களுக்காக மெடிகேர் நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் போகிறது. அவர்கள் படித்து முடித்தவர்கள், சிகிச்சைப் பொறுப்பு சுமப்பவர்கள். ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் முதியோருக்குச் சிகிச்சை தர ஆள் வேண்டும் என்றால் அந்த ஆளை உருவாக்கும் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற கொள்கையை மெடிகேர் தொடக்கத்திலிருந்தே ஏற்றிருக்கிறது. அதை உதவியாளர்வரை நீட்டுவதற்கு ஆகும் தொகை அந்த நிதியில் ஒரு துளிதான். ஆஸ்திரேலியா 2025 ஜூலை முதல் செவிலியர், பேறுகாலச் செவிலியர், ஆசிரியர், சமூகப்பணி மாணவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் வாராந்திர உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அங்கேயும் பிசியோதெரபி இன்னும் சேரவில்லை. ஆனால் சம்பளமில்லாப் பயிற்சிதான் ஏழை மாணவரை வடிகட்டுகிறது என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டு பணம் ஒதுக்கியிருக்கிறது.

அமெரிக்க மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளி முடித்தவர்களுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் இல்லை என்ற திட்டத்தை டென்னசி 2015-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2018-இல் வயது வந்தோருக்கும் நீட்டித்தது. மிச்சிகன் 2021-இல் 25 வயது கடந்தவர்களுக்குத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் 2023-இல் அதேபோல் தொடங்கி அடுத்த ஆண்டே எல்லா வயதினருக்கும் திறந்துவிட்டது. பாராட்ட வேண்டிய காரியங்கள். ஆனால் எல்லாமே கட்டணத்தை முதன்மையாக வைத்து வகுத்தவை. ஏற்கெனவே பெல் உதவித்தொகையில் கட்டணம் அடைபட்டுவிட்ட ஏழை மாணவருக்கு, கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு புதிதாக அதிகம் ஒன்றும் தருவதில்லை. அவருக்குத் தேவை பேருந்துச் சீட்டு, புத்தகம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், பயிற்சி மாதங்களில் வாடகை.

இது என் ஊகம் இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் மிச்சமிருந்தால் அதைக் கட்டியது. அத்தோடு பயண அட்டை, பாடப்புத்தகம், அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகர், வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவரும்படி வகுப்பு நேரம். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் பட்டம் பெற்றார்கள். இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினர். ஓஹையோவின் மூன்று கல்லூரிகளில் அதையே செய்தபோதும் ஏறத்தாழ இதே மடங்கு பலன் கிடைத்தது. பாடத்தை எளிதாக்கவில்லை, தேர்வைத் தளர்த்தவில்லை. மாணவருடைய நேரத்தை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பிசியோதெரபி உதவியாளர் போன்ற கண்டிப்பான படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. செய்முறையை வாரக் கடைசியில் வைத்து, பாடத்தை இணையத்தில் நடத்தும் கல்லூரிகளும் ஆங்காங்கே இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை பெருக வேண்டும்.

உரிமம் வாங்கி வேலைக்கு வந்த பிறகும் அவருக்குக் கிடைக்கும் மதிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிதிச் சட்டத்தின்படி, 2022 ஜனவரி 1 முதல், புறநோயாளிச் சிகிச்சையை உதவியாளர் செய்தால் மெடிகேர் வழக்கமான தொகையில் 85 விழுக்காடுதான் கொடுக்கிறது. அதே நோயாளி, அதே பயிற்சி, அதே அரை மணி நேரம். சம்பளம் குறைந்தவர் செய்வதற்குக் குறைவாகக் கொடுப்பது நியாயம்தானே என்று தோன்றலாம். வாடகையும் கருவிகளும் மேற்பார்வையும் கிளினிக்குக்கு அப்படியேதான் இருக்கின்றன. இந்த வெட்டு கடைசியில் போய் விழுவது உதவியாளரின் மணிச் சம்பளத்திலும், ஆளே கிடைக்காத கிராமப்புறக் கிளினிக்குகளிலும். அதற்கு முன்பே, 2019 அக்டோபரில், மருத்துவ வசதியுள்ள முதியோர் இல்லங்களுக்கு மெடிகேர் பணம் கொடுக்கும் முறை மாறியது. சிகிச்சை நிமிடங்களை எண்ணிக் கொடுப்பது நின்றது. மாற்றம் வந்த வாரத்திலேயே பல நிறுவனங்கள் சிகிச்சைப் பணியாளர்களைக் குறைத்தன. அதுவரை நோயாளிக்கு மிக அவசியம் என்று சொல்லி வந்த நிமிடங்கள் ஒரே இரவில் அவசியமற்றுப் போயின.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியார் கிளினிக்குகளில் பிசியோதெரபிஸ்ட் அதே கட்டடத்தில் இருந்தால்தான் உதவியாளர் மெடிகேர் நோயாளியைத் தொடலாம் என்றிருந்த விதியை 2025 ஜனவரி முதல் தளர்த்தியிருக்கிறார்கள். அவர் தொலைபேசியில் கிடைத்தால் போதும். உதவியாளரின் தகுதியை நம்பியதால் வந்த மாற்றம் இது. அந்த நம்பிக்கை பணம் கொடுக்கும் இடத்திலும் வர வேண்டும். 85 விழுக்காடு என்ற விதியை எடுத்துவிட வேண்டும்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் நாலரை ஆண்டு பி.பி.டி. படித்துவிட்டு, திருமணமாகியோ வேலைக்காகவோ அமெரிக்கா போகும் பெண்கள் பலர். அங்கே பிசியோதெரபிஸ்டுக்கு முனைவர் நிலைப் படிப்பு வழக்கமாகிவிட்டதால், அதற்கு ஈடாகாத நம் பட்டத்தை மதிப்பிட்டுக் கூடுதல் பாடங்கள் படித்துவரச் சொல்கிறார்கள். சில மாநிலங்களில் உதவியாளர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. அந்த வழியில் வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் தன் கையால் சிகிச்சைத் திட்டம் எழுதிய ஒருவர் இன்னொருவர் எழுதிய திட்டத்தை நடத்திக்கொடுக்க வேண்டிவருவது எளிதான மாற்றம் இல்லை. ஆனாலும் கைவிட்டுப்போன தொழிலுக்குள் திரும்ப நுழைவதற்கு அது கதவாக இருக்கிறது.

கதவு இருக்கிறது, மாடிப்படி இல்லை என்பதுதான் சிக்கல். உதவியாளராகப் பத்தாண்டு வேலை பார்த்தவர் பிசியோதெரபிஸ்ட் ஆக விரும்பினால், பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே வர வேண்டும். இரண்டாண்டுத் தொழிற்பட்டத்தின் பாடங்கள் பலவற்றை நான்காண்டுப் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுப்பதில்லை. உதவியாளர்களுக்கென்றே வாரக் கடைசி வகுப்புகளோடு முனைவர் நிலைப் படிப்பு நடத்தும் ஓஹையோவின் ஃபின்ட்லே பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் நாடு முழுவதிலும் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொட்டுப் பழகிய கைக்கு, நேற்றுவரை நோயாளியையே பார்க்காத இருபத்திரண்டு வயது பட்டதாரியைவிட அதிக மதிப்பு கொடுக்காத சேர்க்கை முறையை எப்படி நியாயப்படுத்துவது? ஒரு மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகளும் அதே மாநிலத்தின் பல்கலைக்கழகங்களும் ஒரே சட்டமன்றத்திடம்தான் பணம் வாங்குகின்றன. பாடங்களை ஏற்றுக்கொள் என்று சட்டமன்றம் ஒரு வரி எழுதினால் போதும்.

அவசரம் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு முறையாவது கீழே விழுகிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறை மொத்தமும் 2030-இல் 65 வயதைக் கடந்திருக்கும். அந்த ஆண்டு தொடங்கும்போது உரிமத்தோடு வேலைக்கு வந்திருக்க வேண்டிய ஒருவரைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 2029 அக்டோபரில் உரிமத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய கோடையில் மருத்துவமனைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 2027 இலையுதிர் பருவத்தில் அணியில் இடம் பிடித்திருக்க வேண்டும். 2026 ஆகஸ்டில் தன் ஊர்ச் சமுதாயக் கல்லூரியின் உடற்கூறியல் வகுப்பில், வேலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி, முதல் நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சிக் கால உதவித்தொகைக்கான பணம் அவர் மருத்துவமனைக்குள் நுழைவதற்கு முந்தைய நிதியாண்டிலாவது ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.